ஒருசந்தி, திருநாள், எட்டாம் நாள்: பழைய கத்தோலிக்க நாள்காட்டியின் கணக்கு

ஜனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாள். பாட்டுப்பூசையில் நற்செய்தி முடிந்ததும் தியாக்கோன் (பூசையில் குருவுக்குத் துணை நிற்பவர்) மறுபடி முன்னால் வந்து ஒரு தேதிப் பட்டியலைப் பாடுவார். 2027-க்கு அந்தப் பட்டியல் இப்படி அமையும்: செப்துவஜெசிமா ஞாயிறு (ஈஸ்டருக்கு ஒன்பது வாரம் முன்னால் வருவது) ஜனவரி 24, விபூதிப் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28, ஆண்டவரின் விண்ணேற்றம் மே 6, பெந்தெகொஸ்து மே 16, திவ்விய நற்கருணைத் திருநாள் மே 27, திருவருகைக் கால (கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆயத்த காலம்) முதல் ஞாயிறு நவம்பர் 28. அச்சிட்ட நாள்காட்டி இல்லாத காலத்தில் மக்களுக்குத் தேதி சொல்ல ஏற்பட்ட வழக்கம் இது. ஆனால் பாடும் மெட்டைக் கவனிக்க வேண்டும். ஈஸ்டர் இரவில் பாஸ்கா திரிக்கு முன்னால் நின்று பாடும் அதே மெட்டு. கிறிஸ்துமஸ் குடில் இன்னும் பிரிக்கப்படாத நிலையில் ஈஸ்டர் மெட்டு கேட்டுவிடுகிறது. பட்டியலில் உள்ள தேதிகளில், கடைசியில் வரும் திருவருகைக் காலத்தைத் தவிர மற்றதெல்லாம் ஈஸ்டரிலிருந்து முன்னும் பின்னும் எண்ணிப் பெற்றவை.

பழைய நாள்காட்டியைப் படிக்க இதுதான் வழி. ஒரு திருநாளின் பொருளை அந்த ஒரு நாளின் பூசைக்குள் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். எந்த நாளிலிருந்து எத்தனையாவது நாள், அதற்கு முந்தின நாள் என்ன செய்யச் சொன்னார்கள், பிந்தின எட்டு நாளில் என்ன வாசித்தார்கள் என்பதில் மீதிப் பாதி இருக்கிறது. இங்கே 'பழைய' என்பது 1962-ஆம் ஆண்டுப் பூசைப் புத்தகமும் அதற்கு அடிப்படையான 1960-ஆம் ஆண்டு விதிகளும். சில இடங்களில் 1955-க்கு முந்தின வழக்கையும் தொட்டாக வேண்டும். அங்கே வெட்டப்பட்டவற்றின் தழும்பு 1962-இலும் தெரிகிறது. 1969-இல் பாப்பரசர் ஆறாம் பவுல் வெளியிட்டு 1970-இல் நடைமுறைக்கு வந்த நாள்காட்டி வேறு ஒழுங்கு.

கருவுற்ற நாளும் பிறந்த நாளும்

முதலில் நிலையான தேதிகள். மார்ச் 25 மங்கள வார்த்தைத் திருநாள், இயேசு மரியாளின் வயிற்றில் கருவான நாள். அதிலிருந்து ஒன்பது மாதம் டிசம்பர் 25. கபிரியேல் தூதர் மரியாளிடம், எலிசபெத்துக்கு இது ஆறாம் மாதம் என்று சொன்னதாக லூக்கா எழுதுகிறார். ஆகவே எலிசபெத்தின் மகன் ஸ்நாபக அருளப்பர் (யோவான்) பிறப்பு கிறிஸ்துமஸுக்கு ஆறு மாதம் முன்னால், ஜூன் 24. ஏன் 25 இல்லை என்று பலர் கேட்பதுண்டு. உரோமையர் அடுத்த மாதத்தின் முதல் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். ஜனவரி முதல் தேதிக்கு முந்தைய எட்டாம் நாள் டிசம்பர் 25. ஜூலை முதல் தேதிக்கு முந்தைய எட்டாம் நாள் ஜூன் 24, ஏனென்றால் ஜூனுக்கு முப்பதே நாள். அவர்கள் கணக்கில் இரண்டும் ஒரே இடம்.

இந்த இரண்டு பிறப்புகளும் கதிரவனின் இரு திருப்பங்களை ஒட்டி விழுகின்றன. ஜூன் 24-க்குப் பின் வடகோளத்தில் பகல் குறையத் தொடங்கும். டிசம்பர் 25-க்குப் பின் வளரும். அவர் வளர வேண்டும், நான் குறைய வேண்டும் என்று அருளப்பர் சொன்னதோடு இதை இணைத்துப் பிரசங்கித்தவர் அர்ச். (புனித) அகுஸ்தீன். திருச்சபை பொதுவாகப் புனிதர்களின் இறந்த நாளையே கொண்டாடும். மண்ணில் பிறந்த நாளைக் கொண்டாடுவது மூவருக்கு மட்டும்: இயேசு, அவர் தாய், தாயின் வயிற்றிலேயே துள்ளிய அருளப்பர். தாயின் பிறப்பு செப்டம்பர் 8. ஒன்பது மாதம் பின்னால் போனால் டிசம்பர் 8, மரியாள் பாவமில்லாமல் கருவான அமல உற்பவத் திருநாள். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேறித் தேர்ப்பவனி, கூட்டம் என்று வளர்வதெல்லாம் இந்தப் பிறப்புத் திருநாளை நோக்கித்தான். கொடியும் தேரும் நம் ஊர் மரபு; நவநாள் என்ற அமைப்பு மட்டும் விண்ணேற்றத்துக்கும் பெந்தெகொஸ்துக்கும் நடுவே சீடர்கள் மாடியறையில் காத்திருந்த ஒன்பது நாளிலிருந்து வந்தது.

டிசம்பர் 25-ஐ ஒன்றாம் நாளாக வைத்து எண்ணினால் நாற்பதாம் நாள் பிப்ரவரி 2. லேவியர் ஆகமம் 12-ஆம் அதிகாரப்படி, ஆண் பிள்ளை பெற்ற தாய் ஏழு நாளும் முப்பத்துமூன்று நாளும் கழித்து ஆலயத்துக்குப் போக வேண்டும். ஆட்டுக்குட்டி கொடுக்க வசதி இல்லாதவர் இரண்டு புறா கொடுக்கலாம். சூசையப்பர் கொடுத்தது புறாதான். சிமையோன் குழந்தையைக் கையில் ஏந்திப் புறவினத்தாருக்கு ஒளி என்று பாடியதால் அந்த நாளில் மெழுகுதிரி மந்திரிப்பு, அதாவது ஆசீர்வாதம். ஐந்து செபங்கள், தீர்த்தம், தூபம். பிறகு திரிகளைக் கொடுக்கும்போது சிமையோனின் பாடலைப் பாடுவார்கள். அடுத்து பவனி. பூசையில் நற்செய்தி வாசிக்கும்போதும், கானோன் என்ற நடுச் செபம் தொடங்கி நற்கருணை முடியும் வரையிலும் மக்கள் எரியும் திரியைப் பிடித்திருப்பார்கள்.

இதில் ஒரு நுட்பம் 1960-இல் போய்விட்டது. அதற்கு முன்னால் மந்திரிப்பும் பவனியும் ஊதா உடையில் நடந்தன. பூசை தொடங்கும்போதுதான் வெள்ளைக்கு மாறுவார்கள். இதே சிமையோன் அன்றே மரியாளிடம் வாளைப் பற்றியும் பேசினார். கிறிஸ்துமஸ் கணக்கின் கடைசி நாளில் பாடுகளின் நிறம் எட்டிப்பார்த்தது பொருத்தமாகவே இருந்தது. இப்போது முழுக்க வெள்ளை. பார்க்க ஒழுங்காக இருக்கிறது, சொல்வது குறைந்துவிட்டது.

நடைமுறையில் அந்த நாளைக் கெடுப்பது காற்று. காகிதக் காப்பு இல்லாத திரி, வாசலைத் தாண்டியதும் அணைந்துவிடும். மெழுகு கையில் வடியும். சின்ன அட்டை வட்டம் வெட்டி நடுவே துளையிட்டுத் திரியைச் செருகிக் கொடுத்தால் கை தப்பும், காற்றுக்கு மட்டும் கிண்ணம் போன்ற காப்பு வேண்டும். மிஞ்சிய திரி வீட்டுக்கு வர வேண்டியது. மரணப் படுக்கையில் இருப்பவர் கையில் ஏற்றிக் கொடுப்பது அந்தத் திரிதான். மறுநாள் அர்ச். பிளேசியார் திருநாளில் தொண்டையில் குறுக்காக வைத்து மந்திரிப்பதும் பிப்ரவரி 2-இல் மந்திரித்த இரண்டு திரிகளைத்தான்.

வயிற்றில் தொடங்கும் திருநாள்

பெரிய திருநாளுக்கு முந்தின நாள் ஊதா உடை, ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு), சுத்தபோசனம் (இறைச்சி தவிர்த்தல்). 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் கிறிஸ்துமஸ், பெந்தெகொஸ்து, பரலோகமாதா (ஆகஸ்ட் 15), சகல அர்ச்சிஷ்டவர்கள் (எல்லாப் புனிதர்கள், நவம்பர் 1) ஆகிய நான்கு திருநாள்களின் முந்தின நாளும் இந்த வரிசையில் இருந்தன. அத்தோடு ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தின் கிழமை நாள்கள் எல்லாம் ஒருசந்தி; ஆண்டின் எல்லா வெள்ளியும் சுத்தபோசனம். ஒரு வேளை முழுச் சாப்பாடு. காலையிலும் மாலையிலும் ஊர் வழக்கப்படி கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். இருபத்தொரு வயது நிறைந்தவர் முதல் அறுபதாம் வயது தொடங்கும் வரை கடமை. இன்றைய சட்டம் ஒருசந்திக்கு இரண்டே நாள் வைத்திருக்கிறது: விபூதிப் புதன், பெரிய வெள்ளி.

இந்த ஒருசந்தியை வெறும் தண்டனையாகப் பார்த்தால் புரியாது. மறுநாள் விருந்தின் ருசி முந்தின நாள் பசியில் இருக்கிறது என்பது எந்தச் சமையல்காரருக்கும் தெரிந்த விஷயம். சட்டம் அதைத்தான் எழுதி வைத்தது. ஆகஸ்ட் 14-ஐச் சாதாரண நாளாகக் கடந்தவருக்கு ஆகஸ்ட் 15 விடுமுறை நாளாகத்தான் தெரியும். 1955-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் பல முந்தின நாள் வழிபாடுகளை நீக்கினார். அப்போஸ்தலர்களுக்கு இருந்தவற்றில் பெரும்பாலானவை, சகல அர்ச்சிஷ்டவர்கள், அமல உற்பவம் எல்லாம் அப்போது போயின. அர்ச். ஸ்நாபக அருளப்பர், இராயப்பர்-சின்னப்பர் (பேதுரு-பவுல்), லவுரேஞ்சியார் முதலிய சிலருக்கு மட்டும் மிஞ்சியது.

இதே பசியை ஆண்டுக்கு நான்கு முறை பருவங்களோடு இணைத்தவை நான்கு பருவ ஒருசந்திகள். புதன், வெள்ளி, சனி என்று மூன்று நாள்: திருவருகைக் கால மூன்றாம் வாரம், தபசு கால முதல் வாரம், பெந்தெகொஸ்து வாரம், செப்டம்பர் 14 சிலுவைத் திருநாளை ஒட்டி. குருப்பட்டம் கொடுக்க உகந்த நாள் அந்தச் சனிக்கிழமை. புதிய குருக்களுக்காக மறைமாவட்டமே மூன்று நாள் வயிற்றைக் காயப்போட்டது என்பது அதன் பொருள். பெந்தெகொஸ்து வாரத்து ஒருசந்தி விசித்திரமானது: சிவப்பு உடை, அல்லேலூயா, கூடவே பசி. மகிழ்ச்சியும் உபவாசமும் ஒரே நாளில் இப்படிக் கைகோர்ப்பது நாள்காட்டியில் அரிது.

எழுபது, நாற்பது, பதினாலு

தபசு காலம் திடீரென்று தொடங்குவதில்லை. ஈஸ்டருக்கு ஒன்பது வாரம் முன்னால் செப்துவஜெசிமா. சரியாக எண்ணினால் அறுபத்துமூன்று நாள்தான். ஆனால் பாபிலோனில் யூதர் கிடந்த எழுபது ஆண்டுச் சிறையை நினைவூட்டி எழுபது என்றே அழைத்தார்கள். முந்தின சனிக்கிழமை மாலைச் செபத்தின் முடிவில் இரட்டை அல்லேலூயா பாடுவார்கள். அதோடு சரி, ஈஸ்டர் இரவு வரை அந்தச் சொல் பூசையிலும், குருக்கள் தினமும் சொல்லும் கட்டளைச் செபத்திலும் வராது. நடுக்கால பிரான்சில் சில கோயில்களில் அல்லேலூயாவைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்து காட்டியதும் உண்டு. உடை ஊதாவாகிவிடும், வான்கீதம் ('உன்னதங்களிலே' என்ற புகழ்ப் பாடல்) நின்றுவிடும், ஆனால் ஒருசந்தி இன்னும் இல்லை. குருக்களின் செபத்தில் ஆதாம் கதை முதல் ஞாயிறு, நோவே இரண்டாவது, ஆபிரகாம் மூன்றாவது. விழுந்த கதையைக் கேட்ட பிறகே சாம்பல். 1970 நாள்காட்டி இந்த மூன்று ஞாயிறுகளை நீக்கியது. இன்று செவ்வாய் வரை கொண்டாட்டம், புதன் காலை சாம்பல் என்று படி இல்லாத இறக்கமாகிவிட்டது.

விபூதிப் புதன் முதல் ஈஸ்டர் வரை நாற்பத்தாறு நாள். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது. ஆதியில் முதல் ஞாயிறிலிருந்துதான் தபசு காலம். கழித்தால் முப்பத்தாறு ஒருசந்தி. ஆண்டின் பத்தில் ஒரு பங்கைக் கடவுளுக்குக் கொடுக்கிறோம் என்று பாப்பரசர் பெரிய கிரகோரியார் அதற்கு விளக்கம் சொன்னார். ஆண்டவர் வனாந்தரத்தில் இருந்தது நாற்பது ஆயிற்றே என்று பிற்பாடு முன்னால் நான்கு நாள் சேர்த்தார்கள். ஒட்டுப்போட்ட தையல் இன்றும் தெரிகிறது: பழைய செபப் புத்தகத்தில் தபசு காலத்துக்கு உரிய சிறப்புப் பாடல்கள் புதனன்று தொடங்குவதில்லை, முதல் ஞாயிறுக்கு முந்தின மாலையில்தான் தொடங்கும். இன்னொரு வேடிக்கை. ஒருசந்திச் சாப்பாடு மாலைச் செபத்துக்குப் பிறகே என்று பழைய விதி. பசி தாங்கவில்லை, சாப்பாட்டு நேரத்தை முன்னால் இழுத்தார்கள், விதியை மீறாமல் இருக்க மாலைச் செபத்தையும் நண்பகலுக்கு முன்னால் இழுத்துக்கொண்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தபசு காலக் கிழமைகளில் மாலைச் செபம் நண்பகலுக்கு முன்னால்தான் சொல்லப்பட்டது.

சாம்பல், போன ஆண்டுக் குருத்தோலையை எரித்து வர வேண்டும். ஓசன்னா பாடிப் பிடித்த அதே ஓலை. நம் பக்கம் தென்னை, பனை ஓலைகள். வீடுகளில் படத்துக்குப் பின்னால் செருகியவற்றை இரண்டு வாரம் முன்பே கேட்டு வாங்கி நன்றாகக் காயவைத்தால்தான் கறுப்பான தூள் வரும். ஈரம் இருந்தால் பழுப்பாகப் பிசுபிசுக்கும். எரித்ததை மெல்லிய சல்லடையில் சலிக்க வேண்டும். செய்யக்கூடாத ஒன்று உண்டு: நெற்றியில் ஒட்டட்டும் என்று தண்ணீர் ஊற்றிக் குழைப்பது. சாம்பலும் தண்ணீரும் சேர்ந்தால் காரம் உண்டாகும், தோல் வெந்துபோகும். அப்படிக் கொப்புளம் கண்ட சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. பழைய முறையில் உலர்ந்த சாம்பல்தான். மந்திரிப்பில் தெளிக்கும் தீர்த்தத் துளிகளே போதும்.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முன்னால் பாடுகளின் ஞாயிறு. அன்றைய நற்செய்தி யோவான் 8-ஆம் அதிகாரம். யூதர் கல் எடுக்கிறார்கள், இயேசு மறைந்து ஆலயத்தை விட்டு வெளியேறுகிறார். முந்தின மாலையே கோயிலில் சிலுவையும் சுரூபங்களும் ஊதாத் துணியால் மூடப்பட்டிருக்கும். நற்செய்தியின் கடைசி வரியைத் துணி செய்து காட்டுகிறது. துணி கெட்டியாக, ஒளி ஊடுருவாததாக இருக்க வேண்டும். வலைத்துணி போட்டு உள்ளே சுரூபம் தெரிந்தால் மூடியதற்குப் பலன் இல்லை. சிலுவை பெரிய வெள்ளியன்று மூன்று கட்டமாகத் திறக்கப்படும். மற்ற சுரூபங்கள் ஈஸ்டர் இரவு வான்கீதம் பாடும்போது.

அணையாத பதினைந்தாவது திரி

பெரிய வியாழன், வெள்ளி, சனி நாள்களுக்குரிய இரவுச் செபமும் காலைச் செபமும் சேர்ந்ததற்கு டெனெப்ரே என்று பெயர். பீடத்துக்கு அருகே முக்கோணத் தாங்கி. இரு பக்கமும் ஏழேழு, உச்சியில் ஒன்று என்று பதினைந்து திரிகள். வெளுக்காத மஞ்சள் மெழுகு. இரவுச் செபத்துக்கு ஒன்பது சங்கீதம், காலைச் செபத்துக்கு ஐந்து. ஒவ்வொன்றும் முடிய ஒரு திரியை அணைப்பார்கள், கீழிருந்து மேலாக, பக்கம் மாற்றி மாற்றி. பதினாலு சங்கீதம், பதினாலு திரி. அடுத்து சக்கரியாஸின் பாடல். அதன் பிற்பகுதி வசனங்களில் பீடத்தின் ஆறு திரிகளும் ஒவ்வொன்றாக அணையும். கோயிலின் மற்ற விளக்குகளும் போய்விடும்.

மிஞ்சியது உச்சித் திரி. அதை அணைப்பதில்லை. எரிந்தபடியே எடுத்துப் பீடத்துக்குப் பின்னால் மறைப்பார்கள். இருட்டில் ஐம்பத்தோராம் சங்கீதம் தாழ்ந்த குரலில் ஓதப்படும். அதாவது பழைய எண்ணில் ஐம்பது. செபம் முடிந்ததும் புத்தகத்தால் பலகையைத் தட்டி ஓசை எழுப்புவார்கள்: பூமி அதிர்ந்த நினைவு. பிறகு அந்தத் திரி திரும்பித் தன் இடத்துக்கு வரும். எல்லாரும் பேசாமல் எழுந்து போவார்கள்.

சீடர்கள் ஒவ்வொருவராக ஓடினார்கள், அவர் ஒருவர் மட்டும் கல்லறைக்குள் போனார், ஆனால் அணையவில்லை. இதைவிடச் சுருக்கமாகப் பாடுகளைச் சொல்லும் சடங்கு உரோமை வழிபாட்டில் இல்லை என்பது என் எண்ணம். இதற்கு இருட்டு வேண்டும். முன்பு முந்தின நாள் மாலையிலேயே இதைச் சொன்னதால் இருட்டு இயல்பாக வந்தது. 1955-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் இரவில் நடக்க வேண்டிய ஈஸ்டர் திருவிழிப்பைப் பகலிலிருந்து மீட்டது மிகச் சரி. அதே சீர்திருத்தம் டெனெப்ரேயைக் காலைக்குத் தள்ளியது. சன்னல் வழியே வெயில் அடிக்கும்போது திரி அணைத்துப் பயன் என்ன? காலையில் செய்தே ஆக வேண்டிய இடங்களில் விடியலுக்கு முன் தொடங்குகிறார்கள். அது ஒன்றே வழி.

பாஸ்கா திரி

1955 வரை ஈஸ்டர் திருவிழிப்பு சனிக்கிழமை காலையில் நடந்தது. "இதுவே அந்த இரவு" என்று தியாக்கோன் பட்டப்பகலில் பாடினார். 1951-இல் சோதனையாகவும் 1956 முதல் கட்டாயமாகவும் இரவுக்குத் திரும்பியது. பூசை நள்ளிரவு வாக்கில் தொடங்கும்படி நேரம் வைக்க வேண்டும், பொழுது சாயும் முன் எந்த விலக்கும் இல்லை. கூடவே பன்னிரண்டு தீர்க்கதரிசன வாசகங்கள் நான்காகக் குறைந்தன.

கோயிலுக்கு வெளியே புது நெருப்பு. குரு எழுத்தாணியால் திரியில் சிலுவை கீறுவார். மேலே அல்பா, கீழே ஒமேகா, நான்கு மூலையிலும் ஆண்டின் நான்கு எண்கள். பிறகு ஐந்து சாம்பிராணி மணிகள்: முதலாவது உச்சியில், இரண்டாவது நடுவில், மூன்றாவது அடியில், நான்காவது இடக்கையில், ஐந்தாவது வலக்கையில். ஐந்து காயங்கள். துளைகளை முன்கூட்டியே சூடான கம்பியால் போட்டு வைக்க வேண்டும். அன்று இரவு கத்தியால் குடைந்தால் மெழுகு பிளக்கும், மணி நிற்காது. எண்ணும் சிலுவையும் ஏற்கெனவே ஒட்டி வரும் கடைத் திரிகளில் குருவுக்குக் கீற ஒன்றும் இருக்காது. எழுத்தாணியைக் காற்றில் அசைப்பதைத்தான் பார்க்க முடியும். வெறும் திரி வாங்குவதே நல்லது.

இருண்ட கோயிலுக்குள் மூன்று முறை "கிறிஸ்துவின் ஒளி", ஒவ்வொரு முறையும் குரல் ஏற்றி. முதல் முறை குருவின் திரி, இரண்டாம் முறை குருகுலத்தார் திரி, மூன்றாம் முறை மக்கள் திரியும் கோயில் விளக்குகளும். மின்விளக்குப் பொறுப்பில் இருப்பவரிடம் மூன்றாவதற்கு முன்னால் எதையும் தொடாதே என்று சொல்லி வைக்காவிட்டால் முதல் குரலுக்கே பளிச்சென்று எரியவிட்டுவிடுவார். பிறகு தண்ணீர் மந்திரிப்பில் திரியின் அடியை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இன்னும் ஆழமாகத் தண்ணீரில் இறக்குவார்கள். மக்கள் வீட்டுக்கு எடுத்துப்போகும் தீர்த்தத்தை எண்ணெய்கள் ஊற்றும் முன்னால் எடுத்து வைக்க வேண்டும். பரிசுத்த தைலம் கலந்த பிறகு அது ஞானஸ்நானத்துக்கு மட்டுமே.

இந்தத் திரி பீடத்தருகே நாற்பது நாள் நிற்கும். விண்ணேற்றத் திருநாளன்று, ஆண்டவர் விண்ணகம் ஏறினார் என்ற நற்செய்தி வாசித்து முடிந்த உடனே அணைத்துவிடுவார்கள். பிரசங்கம் தேவைப்படாத சடங்கு. 1970 முறையில் திரி பெந்தெகொஸ்து வரை நிற்கிறது. பல நாடுகளில் விண்ணேற்றம் வியாழனிலிருந்து அடுத்த ஞாயிறுக்கு மாறிவிட்டதால் நாற்பதாம் நாள் நாற்பத்து மூன்றாம் நாளாகிவிட்டது.

எட்டாம் நாள்

ஞானஸ்நானம் பெற்றவர்கள் அந்த இரவில் உடுத்திய வெள்ளை உடையை ஒரு வாரம் கழற்றவில்லை. தினமும் உரோமையின் ஒரு கோயிலுக்குப் பவனியாகப் போனார்கள். சனிக்கிழமை உடை கழற்றியாயிற்று. மறுநாள் ஞாயிற்றின் தொடக்கப் பாடல், இப்போது பிறந்த குழந்தைகளைப் போலப் பாலை நாடுங்கள் என்ற இராயப்பர் வரி. நற்செய்தி, "எட்டு நாளுக்குப் பின்" தோமையார் முன் வந்து நின்ற ஆண்டவர். ஏழு நாளில் உலகம் படைக்கப்பட்டது. எட்டாம் நாள் அந்த வாரத்துக்கு வெளியே உள்ளது. உயிர்ப்பு நடந்தது அந்த நாளில். ஆகவே பெரிய திருநாளுக்கு எட்டு நாள் கொண்டாட்டம், சுருக்கமாக 'எட்டு', வைத்தார்கள்.

கிறிஸ்துமஸ் எட்டில் இது இன்னும் தெளிவு. டிசம்பர் 26 முடியப்பர் (ஸ்தேவான்), 27 அப்போஸ்தலர் அருளப்பர், 28 மாசில்லாக் குழந்தைகள். முடியப்பர் மனத்தாலும் செயலாலும் வேதசாட்சி. அருளப்பர் மனத்தால் மட்டும். குழந்தைகள் செயலால் மட்டும். தொட்டிலைச் சுற்றி இரத்தம் என்று மேலோட்டமாகப் பார்த்தால் அதிர்ச்சியாக இருக்கும், அதுதான் நோக்கம். ஜனவரி 1, எட்டாம் நாள், விருத்தசேதனம்: அந்தக் குழந்தையே முதல் சொட்டு இரத்தம் சிந்தியது.

1955 மார்ச் ஆணை கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்து மூன்றின் எட்டை மட்டும் விட்டுவைத்தது. மூன்று இராசாக்கள், விண்ணேற்றம், நற்கருணை, திரு இருதயம், பரலோகமாதா, சகல அர்ச்சிஷ்டவர்கள் எல்லாம் எட்டை இழந்தன. திரு இருதயத் திருநாளின் தேதியில் அந்தத் தழும்பு அப்படியே இருக்கிறது. நற்கருணைத் திருநாள் ஈஸ்டருக்குப் பின் அறுபதாம் நாள், வியாழன். பெரிய வியாழனன்று துக்கத்தின் நிழலில் கொண்டாட முடியாததை வெளிச்சத்துக்குக் கொண்டுவர 1264-இல் நான்காம் உர்பன் ஏற்படுத்தியது. லியேஜ் நகரத்து ஜூலியானா இதற்காக நெடுங்காலம் முயன்றவர். திரு இருதயம் அறுபத்தெட்டாம் நாள், வெள்ளி. வியாழன் மேசைக்கு வெள்ளி சிலுவை எதிரொலி. அந்த எட்டு நாள் இடைவெளி ஏன்? நற்கருணையின் எட்டு முடிந்த மறுநாள் என்று வைத்ததால். எட்டு போய்விட்டது, தேதி மட்டும் அதைச் சுட்டிக்கொண்டு நிற்கிறது. 1955-ஆம் ஆண்டுச் சுருக்கத்தில் மிகப் பெரிய இழப்பு இது என்று கருதலாம். பெந்தெகொஸ்து எட்டு 1970-இல் போனதைத்தான் பலரும் பேசுகிறார்கள்.

தேதிகள் மோதும்போது

கணக்கு இத்தனை நுணுக்கமாக இருந்தால் சில ஆண்டுகளில் மோதத்தான் செய்யும். ஈஸ்டர் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எங்கும் விழலாம். 2016-இல் மார்ச் 25 பெரிய வெள்ளியாயிற்று. கருவுற்ற நாளும் சிலுவை நாளும் ஒன்றே என்று பழைய மரபு நம்பியது. ஆனாலும் விதி மங்கள வார்த்தையை நகர்த்தும். 2027-இல் மார்ச் 25 பெரிய வியாழன். பரிசுத்த வாரத்திலோ ஈஸ்டர் எட்டிலோ விழுந்தால் வெள்ளை ஞாயிறுக்கு (ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு) அடுத்த திங்கள். ஆகவே ஏப்ரல் 5. ஒன்பது மாதக் கணக்கை இதற்காக மாற்றுவதில்லை, டிசம்பர் 25 தன் இடத்திலேயே.

ஆண்டின் பின்பகுதியில் எண்ணிக்கை தளர்வு. ஆகஸ்ட் 6 மறுரூபம், அதிலிருந்து நாற்பதாம் நாள் செப்டம்பர் 14 சிலுவை மகிமை. மலைமேல் கண்ட ஒளியும் கல்வாரியும் மறுபடி ஒரு நாற்பதால் கட்டப்படுகின்றன. மறுரூபம் மேற்கில் எங்கும் பரவியது 1457-இல், பெல்கிரேடு வெற்றிக்குப் பின் மூன்றாம் கலிஸ்து ஆணையால். கிறிஸ்து அரசர் திருநாளை 1925-இல் பதினோராம் பத்திநாதர் அக்டோபர் கடைசி ஞாயிறில் வைத்தார். அடுத்து வருவது நவம்பர் 1: முதலில் அரசர், பிறகு அவர் சபை. நவம்பர் 2 உத்தரிக்கிற ஆன்மாக்கள், அதாவது இறந்தோர் நினைவு. கறுப்பு உடை, குருவுக்கு மூன்று பூசை. முதல் உலகப் போரின் நடுவே 1915-இல் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் கொடுத்த அனுமதி அது. 1970-இல் அரசர் திருநாள் ஆண்டின் கடைசி ஞாயிறுக்குப் போனதால் இந்த வரிசை கலைந்து, இன்றைய ஆட்சியைப் பற்றிய திருநாள் உலக முடிவைப் பற்றியதாக மாறியது.

பழைய நாள்காட்டியில் உலக முடிவுக்கு என்றே ஒரு ஞாயிறு ஏற்கெனவே இருந்தது. பெந்தெகொஸ்துக்குப் பின் கடைசி ஞாயிறு, மத்தேயு 24. அடுத்த வாரம் திருவருகைக் கால முதல் ஞாயிறு, லூக்கா 21: கதிரவனிலும் நிலவிலும் அடையாளங்கள். ஆண்டு முடிவதும் தொடங்குவதும் ஒரே பொருளில்.

ஆனால் பெந்தெகொஸ்து முன்னால் வந்துவிட்டால் இடையில் ஞாயிறுகள் மிஞ்சும். மூன்று இராசாக்களுக்குப் பின் ஆறு ஞாயிறுக்கு வாசகம் உண்டு. செப்துவஜெசிமா சீக்கிரம் வந்தால் சில பயன்படாது. அவற்றை எடுத்துப் பெந்தெகொஸ்துக்குப் பின் இருபத்துமூன்றாம் ஞாயிறுக்கும் கடைசி ஞாயிறுக்கும் நடுவே செருகுவார்கள். 2027-இல் பெந்தெகொஸ்துக்குப் பின் இருபத்தேழு ஞாயிறு. ஜனவரியில் பயன்படுவது முதலாவதும் இரண்டாவதும். நவம்பருக்குப் போவது நான்கும் ஐந்தும் ஆறும். மூன்றாவதற்கு எங்கும் இடமில்லை. 1960-க்கு முன்னால் அதைச் செப்துவஜெசிமாவுக்கு முந்தின சனிக்கிழமையில் சொல்லியிருப்பார்கள், ஜனவரி 23-இல். இப்போதைய விதிப்படி அந்த ஆண்டு அது வாசிக்கப்படாது. அதன் நற்செய்தி மத்தேயு 8, குஷ்டரோகியும் நூற்றுவர் தலைவனும். ஆண்டவரே, என் வீட்டுக்குள் வர நான் தகுதியற்றவன் என்று அந்தத் தலைவன் சொன்னதைப் பழைய முறையின் ஒவ்வொரு பூசையிலும் நற்கருணை வாங்கும் முன் மூன்று முறை சொல்கிறோம்.